சப்வூஃபரும் வாராக்கடனும்

நூறு ரூபாய் கடன் கொடுத்து, நாற்பது காசு மட்டும் வசூலாகி, பாக்கி 99 ரூபாய் 60 காசும் புகையாப் போச்சுன்னா அந்தக் கிளை மேனேஜரை என்ன பண்ணுவாங்கன்னு உங்களுக்கே தெரியும். ஆனா கார் டிக்கியில உட்கார்ந்து 'தும் தும்'னு அடிக்கிற சப்வூஃபர் தினமும் இதைத்தான் பண்ணுது. உள்ளே போற 100 வாட் மின்சாரத்துல சத்தமா வெளியே வர்றது பெரும்பாலும் அரை வாட்டுக்கும் கீழே. மிச்சமெல்லாம் உள்ளே இருக்கற காயிலைச் சூடாக்கவே சரி. இந்த அழகுல 'திறன் அதிகமுள்ள சப்வூஃபர்' எதுன்னு தேடறது, 99 சதவீதம் முழுகின கிளை தேவலையா, 99.9 சதவீதம் முழுகின கிளை தேவலையான்னு ஆராயற வேலை. சிரிக்காதீங்க, அங்கதான் விஷயமே இருக்கு. ஒண்ணுல 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய் வசூல், இன்னொண்ணுல 10 காசு. பத்து மடங்கு வித்தியாசம்!

நான் பி.காம். ப்ளஸ் டூவோட இயற்பியலுக்குக் கும்பிடு போட்டுட்டு டெபிட் கிரெடிட் பக்கம் வந்தவன். இருபது வருஷத்துக்கு மேல பேங்க்ல ஆணி பிடுங்கி, இப்ப டிரான்ஸ்ஃபர் புண்ணியத்துல ஸ்ரீரங்கப்பட்டணத்துல இருக்கேன். மைசூர்லேர்ந்து 15 கிலோமீட்டர்தான், ஆனா மாவட்டம் மண்டியா. எனக்குச் சொந்த ஊர் திருச்சிப் பக்கம். இங்க உள்ள ரங்கநாதர் ஆதிரங்கம், சிவசமுத்திரத்துல இருக்கறவர் மத்தியரங்கம், நம்ம ஸ்ரீரங்கத்துக்காரர் அந்த்யரங்கம். ஆக, அந்த்யரங்கத்துலேர்ந்து ஆத்தோட எதிர்நீச்சல் போட்டு ஆதிரங்கத்துக்கு வந்து சேர்ந்திருக்கேன். ரங்கமணிகளுக்கு ராசியான ஊர்னு சொன்னா தங்கமணி முறைக்கறாங்க :-)

இந்த ஊருக்கும் சத்தம் போடற மெஷினுக்கும் பழைய சம்பந்தம் ஒண்ணு உண்டு. 1799-ல திப்பு சுல்தான் இங்க விழுந்தப்புறம் அரண்மனையில இசைக்கருவிகள் வெச்சிருந்த அறையில வெள்ளைக்காரங்களுக்கு ஒரு மரப்புலி கிடைச்சுது. வெள்ளைக்காரச் சிப்பாய் மேல ஏறி உட்கார்ந்திருக்கற புலி. கைப்பிடியைச் சுத்தினா உள்ளே துருத்தி காத்தை ஊதி, புலி உறுமும், சிப்பாய் அலறுவான். இப்ப லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல இருக்கு. பேட்டரி வேண்டாம், ஆல்டர்னேட்டர் வேண்டாம், ஒரு ஆள் கைதான். ஊரோட மிகப் பிரபலமான ஆடியோ சிஸ்டம் அதுதான்னு நான் சொன்னா ஆபீஸ்ல யாரும் மறுக்கறதில்லை.

சரி, மேட்டருக்கு வர்றேன். மாசம் ஒரு தடவை, தப்பினா ஒண்ணரை மாசத்துக்கு ஒரு தடவை, நாங்க திருச்சி போய் வருவோம். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து அந்த டாக்டர்கிட்ட காட்டினாத்தான் திருப்தி. நஞ்சன்கூடு, சாமராஜநகர், திம்பம் மலை, சத்தி, ஈரோடு, கரூர்னு சாப்பாட்டு நிறுத்தமெல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். 2022 பிப்ரவரியில திம்பம் பாதையில ராத்திரிப் போக்குவரத்துக்குத் தடை வந்ததிலேர்ந்து எங்க பயணம் முழுக்கப் பகல்தான். பையனுக்குப் பதினேழு வயசு. ஸ்கூல்ல இங்கிலீஷும் கன்னடமும். நண்பர்களோட கன்னடம். வீட்டுல நாம தமிழ்ல கேட்டா பதில் பாதி கன்னடத்துல வரும். வெளிமாநிலத்துல பிள்ளை வளர்க்கற எல்லார் வீட்டுலயும் இதே கதைதான்னு நினைக்கறேன். அவன் காதுல முழுசாத் தமிழ் விழறது இந்த எட்டு மணி நேரப் பாட்டுலதான். எழுபதுகள் அம்மாவுக்கு, எண்பதுகள் எனக்கு, இப்ப வர்றது அவனுக்குன்னு முறை வெச்சு ஓடும். நடுவுல 'அப்பா, இந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?'னு கேட்பான். ட்யூஷன் வெச்சாக்கூட இப்படிக் கேட்கமாட்டான்.

இதுக்கும் சப்வூஃபருக்கும் என்ன சம்பந்தம்? இருக்கு. வண்டி 80-ஐத் தாண்டினதும் டயரும் ரோடும் சேர்ந்து ஒரு உறுமல் போடும் பாருங்க, அது முழுக்கக் கீழ் ஸ்தாயி சத்தம். அது முதல்ல முழுங்கறது பாட்டுல இருக்கற பேஸைத்தான். தபலாவோட இடந்தலையும் பேஸ் கிட்டாரும் காணாமப் போயிடும், பாட்டு சப்புன்னு ஆயிடும். கை தானா வால்யூமுக்குப் போகும். பேஸ் திரும்ப வர்ற அளவுக்கு ஏத்தறப்போ பாடறவர் குரல் காதைக் கிழிக்கும். பின்சீட்லேர்ந்து அம்மா 'கொஞ்சம் கொறைடா'ம்பாங்க.

இதுக்குக் காரணம் நம்ம காது. 1933-லயே பெல் ஆராய்ச்சிக்கூடத்துல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேர் இதை அளந்து படம் போட்டு வெச்சுட்டாங்க. நடு ஸ்தாயியில, 1000 ஹெர்ட்ஸ்ல 40 டெசிபெல் எவ்வளவு சத்தமாத் தெரியுதோ, அதே அளவு சத்தமா 40 ஹெர்ட்ஸ் தெரியணும்னா 80 டெசிபெல்லுக்கு மேல வேணும். காதே பேஸுக்கு அவ்வளவு கஞ்சத்தனம் பண்ணுது. கதவுல இருக்கற ஆறு இஞ்ச் ஸ்பீக்கர் பாவம் என்ன பண்ணும்?

எட்டு மணி நேரம்னு சொன்னேனில்லையா, அதுல இன்னொரு கணக்கும் இருக்கு. வேலையிடத்துச் சத்தத்துக்கு அமெரிக்காவோட நியோஷ் அமைப்பு வெச்சிருக்கற அளவுகோல் 85 டெசிபெல்லுக்கு ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 88-னா நாலு மணி நேரம், 91-னா ரெண்டு. ஆக, 91-ல வெச்சுக் கேட்டுட்டு வந்தா சத்தி வர்றதுக்கு முன்னாடியே பையனோட அன்னிக்கு ஒதுக்கீடு தீர்ந்துடும். எனக்குச் சப்வூஃபர் தேவைப்பட்டது இதுக்குத்தான். பேஸை அது பார்த்துக்கிட்டா மத்த சத்தத்தை இறக்கலாம். இறக்கினா வார்த்தை புரியும். அளவுக்கு மீறிப் போட்டா அதே பேஸ் வார்த்தையை மூடிடும், அது வேற கதை.

பையன் கேட்டது வேற. அவனோட நண்பன் அண்ணன் வண்டியில இருக்கற மாதிரி 12 இஞ்ச், காத்து போக ஓட்டை வெச்ச பெரிய பெட்டி, அதுக்கு ஆயிரத்துச் சொச்சம் வாட் ஆம்ப்ளிஃபயர். 'கண்ணாடி அதிரும்ப்பா'ன்னான். அதிர்ந்தா கழண்டுக்கும்டான்னேன். தங்கமணி ரெண்டு பேரையும் பார்த்து, 'அத்தையோட வாக்கர் எங்க வைக்கப் போறீங்க?'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க.

எங்க வண்டி ஸ்விஃப்ட். டிக்கி 268 லிட்டர். போறப்ப அம்மாவோட மடக்கற வாக்கர், ரெண்டு பெட்டி, மருந்துப் பை. வர்றப்ப இதோட 25 கிலோ அரிசி மூட்டை, தேங்காய், மாமியார் வீட்டு வடாம் டின். 12 இஞ்ச் ஓட்டைப் பெட்டிக்கு உள்ளளவே 55, 60 லிட்டர் வேணும். பலகை, ஸ்பீக்கர், குழாய் எல்லாம் சேர்த்தா வெளியளவு 80-ஐத் தொடும். டிக்கியில மூணுல ஒரு பங்கு போச்சு.

அப்பதான் ஹாஃப்மன் விதி கண்ணுல பட்டுது. ஆண்டன் ஹாஃப்மன்னு அமெரிக்காக்காரர், கேஎல்ஹெச்னு ஒரு ஸ்பீக்கர் கம்பெனி ஆரம்பிச்ச மூணு பேர்ல ஒருத்தர். அந்தப் பேர்ல இருக்கற ஹெச் அவர்தான். 1960-களோட ஆரம்பத்துல அவர் சொன்னதை 'இரும்பு விதி'ம்பாங்க. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிகத் திறன், இந்த மூணுல ரெண்டுதான் உங்களுக்குக் கிடைக்கும். மூணாவதை விட்டுக் கொடுத்தே ஆகணும். எவ்வளவு காசு கொடுத்தாலும், எந்த நாட்டுக் கம்பெனியா இருந்தாலும் இதுல தள்ளுபடி கிடையாது. பேங்க்ல இருக்கறவனுக்கு இது புதுசில்லை. பாதுகாப்பு, வட்டி, நினைச்ச நேரத்துல எடுக்கற வசதி, மூணும் ஒரே டெபாசிட்ல வேணும்னு தினமும் ஒருத்தராவது என் டேபிள் முன்னாடி உட்கார்ந்து சண்டை போடறார்.

இந்த விதியை நாமெல்லாம் சின்ன வயசுலயே பார்த்திருக்கோம், பேருதான் தெரியாது. எங்க ஊர் மைக்செட்காரர் கல்யாண வீட்டு வாழைமரத்துக்குப் பக்கத்துல கம்பம் நட்டு குழாய் ஸ்பீக்கர் கட்டுவார். அகுஜா ஆம்ப்ளிஃபயர், சில பத்து வாட்தான் இருக்கும். பக்கத்து ரெண்டு ஊருக்குக் கேட்கும். அந்தக் குழாயோட திறன் அப்படி. ஆனா அதுல என்னிக்காவது பேஸ் கேட்டிருக்கீங்களா? மிருதங்கம்கூடத் தகர டப்பா மாதிரிதான் வரும். திறனை வாங்கிக்கிட்டு ஆழத்தை மொத்தமா விட்டுக் கொடுத்தாச்சு. இதுக்கு மறுபக்கம், பிள்ளையார் ஊர்வலத்துல டிராக்டர் மேல பீரோ சைஸ்ல அடுக்கி வெக்கறாங்களே, அது திறனும் ஆழமும். அங்க விட்டுக் கொடுத்தது இடத்தை. வீட்டுல இருக்கற சின்னக் கனசதுரச் சப்வூஃபர் இருக்கு பாருங்க, கையளவுதான், தரை அதிரும். அது விட்டுக் கொடுத்தது திறனை. கரண்ட்டைக் குடிச்சுத் தள்ளும். வீட்டுல பரவாயில்லை, சுவர்ல பிளக் இருக்கு. கார்ல?

நம்ம விஷயத்துல இடத்தை விட முடியாது. வாக்கர் இருக்கு. திறனையும் விட முடியாது, ஏன்னு பின்னாடி சொல்றேன். மிச்சம் ஆழம். எவ்வளவு ஆழம் நமக்கு நிஜமா வேணும்? நாலு தந்தி பேஸ் கிட்டாரோட கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுல நாம கேட்டுக் கிறங்கற பேஸ் கிட்டார் எல்லாம் பெரும்பாலும் அதுக்கு மேலதான். 40-க்குக் கீழே இருக்கறது எலெக்ட்ரானிக் சமாச்சாரம், சினிமா வெடிச்சத்தம். அது கேட்கறதைவிட உடம்புல உணர்றதுதான் ஜாஸ்தி. இடுப்புல பிளேட் வெச்ச எழுபத்தாறு வயசு அம்மா அதுக்கு அரை அடி முன்னாடி உட்கார்ந்திருக்கப் போறாங்க. பையன்கிட்ட இதைச் சொன்னப்போ முதல் தடவையா யோசிச்சான்.

இந்த விட்டுக் கொடுத்தலுக்கு லாபம் என்ன தெரியுமோ? அதே பெட்டி அளவுல திறன், ஆழ அளவோட மும்மடிப் பெருக்கத்துக்கு ஏத்தபடி மாறும். 40-லேர்ந்து 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கணும்னா திறன் எட்டுல ஒரு பங்காயிடும். கூட்டு வட்டி மாதிரி, ஆனா தலைகீழா. இதோட காரே ஒரு உதவி பண்ணும். மூடின சின்ன அறைக்குள்ள, அறையோட நீளத்தைவிட அரை அலை நீளமாகிப் போச்சுன்னா சத்தம் தானா கூடும். முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையில ரெண்டரை மீட்டர்னு வெச்சுக்கிட்டா சுமார் 70 ஹெர்ட்ஸ்ல இது ஆரம்பிக்கும். அங்கேர்ந்து கீழே, அலைவரிசை பாதியாகற ஒவ்வொரு தடவையும், அதாவது ஒவ்வொரு ஸ்தாயிக்கும், 12 டெசிபெல் வரைக்கும் ஏறும். கதவு இடுக்கு, தகரம் அதிர்றது எல்லாம் போக நிஜத்துல கொஞ்சம் குறைச்சல். ஓட்டையில்லாத மூடின பெட்டியோ ஒரு அளவுக்குக் கீழே ஸ்தாயிக்கு 12 டெசிபெல் இறங்கும். ஒரு பக்கம் 12 டெபிட், இன்னொரு பக்கம் 12 கிரெடிட். டேலி ஆயிடுச்சா? எனக்கு இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

இனிமே கடை. மைசூர்ல ஒண்ணு, பெங்களூர் ஜே.சி. ரோட்டுல ரெண்டு பார்த்தோம். கடைக்காரர் அன்பானவர்தான். 'ஸார், சக்கத்தா பேஸ் பரத்தே'ன்னு ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வெச்சார். 2000 வாட்னு தங்க எழுத்து. பக்கத்துலேயே அதுக்கான ஆம்ப்ளிஃபயர், அதுவும் 2000 வாட். நான் அதைத் திருப்பிப் பின்னாடி இருக்கற ஃப்யூஸைப் பார்த்தேன். 30 ஆம்பியர். வண்டி ஓடறப்ப பேட்டரிக் கம்பியில 13.8 வோல்ட்னு வெச்சுக்கங்க. 30-ஐ 13.8-ஆல பெருக்கினா 414 வாட். உள்ளே போறதே 414, வெளியே 2000 எப்படி வரும்? சம்பளச் சீட்டு 41,000, வீட்டுக் கடன் தவணை ரெண்டு லட்சம்னு அப்ளிகேஷன் வந்தா நாம பாஸ் பண்ணுவோமா? 'அது மேக்ஸ் ஸார்'னார். மேக்ஸ், பீக், பிஎம்பிஓ இதெல்லாம் ரியல் எஸ்டேட் விளம்பரத்துல 'பஸ் ஸ்டாண்டுக்கு வெகு அருகில்'ங்கற மாதிரி. ஆர்எம்எஸ்னு எழுதியிருக்கறதை மட்டும் படிச்சாப் போதும்.

ஸ்பீக்கர்ல இன்னும் நுணுக்கமான ஒண்ணு மாட்டுச்சு. ரெண்டு 10 இஞ்ச் சப்வூஃபர். ரெண்டுலயும் சென்சிட்டிவிட்டி 88 டெசிபெல்னு போட்டிருக்கு. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஒண்ணுல '1 வாட், 1 மீட்டர்'னு இருந்துது, இன்னொண்ணுல '2.83 வோல்ட், 1 மீட்டர்'. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தா அது சரியா 1 வாட். 4 ஓமுக்குக் கொடுத்தா 2 வாட். இந்த ரெண்டாவது ஸ்பீக்கர் 2 ஓம், அதுக்கு 4 வாட்! நாலு மடங்கு முதல் போட்டுட்டு 'நாங்களும் அதே லாபம்'னு காட்டியிருக்காங்க. நாலு மடங்குன்னா 6 டெசிபெல். கழிச்சா நிஜத்துல 82.

இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கு. ஆஸ்திரேலியாவுல நெவில் தீல் 1961-லயும், சிட்னியில ஆராய்ச்சி பண்ணின ரிச்சர்ட் ஸ்மால் 1970-கள்லயும் எழுதி வெச்சது. ஸ்பீக்கர் கூட வர்ற தாள்ல எஃப்எஸ், வாஸ், க்யூஇஎஸ்னு மூணு எண் இருக்கும். எஃப்எஸ்ஸை மூணு தடவை தன்னாலேயே பெருக்கி, வாஸ் லிட்டரால பெருக்கி, க்யூஇஎஸ்ஸால வகுக்கணும். வர்ற எண்ணை நூறு கோடியால வகுத்து 0.964-ஆல பெருக்கினா நிஜமான திறன். முதல் ஸ்பீக்கருக்கு எஃப்எஸ் 35, வாஸ் 40, க்யூஇஎஸ் 0.45. பையன் செல்லுல போட்டான், 0.37 சதவீதம். டெசிபெல்லுக்கு மாத்தினா 87.6. சொன்ன சொல் மாறலை. ரெண்டாவதுக்கு 28, 25, 0.5. வந்தது 0.11 சதவீதம் கூட முழுசா இல்லை, 82.2 டெசிபெல். கடைக்காரரே எட்டிப் பார்த்து 'ஹௌதா?'ன்னார். ரெண்டாவது மட்டமான சரக்குன்னு அர்த்தமில்லை. அது சின்னப் பெட்டிக்குள்ள ரொம்ப ஆழமா போறதுக்குன்னே செஞ்சது. இரும்பு விதிப்படி அதுக்கான விலையைத் திறன்ல கட்டியிருக்கு. அட்டையில இருக்கற 88-தான் அதைச் சொல்லலை.

இந்த வித்தியாசம் வண்டிக்கு என்ன பண்ணும்னு பாருங்க. முதல் ஸ்பீக்கர் 200 வாட்ல போடற சத்தத்தை ரெண்டாவது போட 700 வாட் வேணும். டி கிளாஸ் ஆம்ப்ளிஃபயர்னா உள்ளே போறதுல 80 சதவீதம் வெளியே வரும். 200 வாட்டுக்கு 250 உள்ளே போகணும், அது 18 ஆம்பியர். 700-க்கு 63 ஆம்பியர். பழைய ஏபி கிளாஸா இருந்தா இன்னும் மோசம், பாதிக்குக் கொஞ்சம் மேலதான் தேறும். சின்னக் கார்கள்ல ஆல்டர்னேட்டர் மொத்தமே பலதுல 70, 80 ஆம்பியர் கணக்குதான். அதுல ஏசி ஊதணும், ரேடியேட்டர் ஃபேன் சுத்தணும், ஹெட்லைட் ஜோடிக்கு 8, 9 ஆம்பியர். பாட்டுல பேஸ் விட்டு விட்டுத்தான் வரும், முழு நேரமும் 63 இழுக்காது, ஒத்துக்கறேன். ஆனாலும் திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவு, ரெண்டாம் கியர், மழை மூட்டம், லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடறப்போ ஒவ்வொரு 'தும்'முக்கும் ஹெட்லைட் மங்கி மங்கி எரியறதை வேற ஒருத்தர் வண்டியில பார்த்திருக்கேன். அந்த ரோட்டுல அது வேண்டாம். திறனை விட்டுத் தர முடியாதுன்னு சொன்னது இதனாலதான்.

முதல் ஸ்பீக்கரையே எடுத்தோம். 20 லிட்டர் மூடின பெட்டி, 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகையில. இந்த ஸ்பீக்கர் அந்தப் பெட்டியில 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்க ஆரம்பிக்கும், கார் 70-க்குக் கீழே ஏத்த ஆரம்பிக்கும். மேலே சொன்ன டேலி. ரெடிமேட் பெட்டி ஒண்ணு கடையில இருந்துது, தட்டிப் பார்த்தா முரசு மாதிரி சத்தம். பெட்டி பாடக்கூடாது, ஸ்பீக்கர்தான் பாடணும். அதனால ஊருக்கு வந்து, பேங்குக்குப் பின்னாடி தெருவுல இருக்கற மர ஆசாரிகிட்ட அளவு கொடுத்துச் செஞ்சது. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி'ன்னு ஒரு வாரம் இழுத்தார், ஆனா மூலைக்கு மூலை பசை போட்டு ஒரு பொட்டுக் காத்து வெளியே போகாம முடிச்சார். உயரம் ஒரு சாணுக்கு மேல கொஞ்சம். மேல கார்ப்பெட். அதன் மேல வாக்கரை மடக்கிப் படுக்க வெச்சா டிக்கி மூடி தாராளமா மூடுது. தங்கமணி ரெண்டு தடவை திறந்து மூடிப் பார்த்துட்டுத்தான் ஒப்புதல் கொடுத்தாங்க. எங்க ரீஜனல் ஆபீஸ்ல லோன் சாங்ஷன் இதைவிடச் சீக்கிரம் வரும்.

ஒயர் பத்தி ஒரு வார்த்தை. கடைகள்ல கொடுக்கற கிட்டுல பாதி, அலுமினியத்து மேல செம்பு பூசினது. அதே தடிமனுக்குச் செம்பைவிட எதிர்ப்பு அதிகம், சூடும் அதிகம். பிளேடால நுனியைச் சுரண்டுங்க, உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. பேட்டரியிலேர்ந்து ஒண்ணரை அடிக்குள்ள ஒரு ஃப்யூஸ் கட்டாயம். ஆம்ப்ளிஃபயர்ல இருக்கற ஃப்யூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காப்பாத்தும், வண்டியைக் காப்பாத்தாது. முன்னாடியிருந்து டிக்கி வரைக்கும் தரைக்கடியில போற ஒயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆனா பேட்டரி பக்கத்து ஃப்யூஸ்தான் தீப்பிடிக்காம தடுக்கும். இதுல 200 ரூபாய் மிச்சம் பிடிக்காதீங்க, ப்ளீஸ்.

மாட்டி முடிச்சப்புறம் பையனுக்கு நிரூபணம் வேணும். செல்லுல சத்தம் அளக்கற ஆப் போட்டான். அது ஒண்ணும் லேப் கருவியில்லை, ஆனா ஒரே செல், ஒரே இடம், ஒரே ரோடுன்னா வித்தியாசத்தை நம்பலாம். நஞ்சன்கூடு ரோட்டுல 80-ல போய்க்கிட்டே, ஒரே பாட்டு. சப்வூஃபரை நிறுத்திட்டு, பேஸ் போதும்னு அவனுக்குத் தோணற வரைக்கும் ஏத்தச் சொன்னேன். 86 காட்டிச்சு. சப்வூஃபரைப் போட்டு, அதே திருப்தி வர்ற வரைக்கும் வெக்கச் சொன்னேன். 80. கண்ணாடி ஒண்ணும் அதிரலை. அவன் நம்பாம இன்னொரு தடவை பண்ணிப் பார்த்தான், 81. அம்மா அதுக்குள்ள தூங்கிப் போயிருந்தாங்க, அதைவிட நல்ல மீட்டர் எனக்குத் தெரியாது.

அவனுக்கு முழுச் சம்மதம்னு சொல்லமாட்டேன். வேலைக்குப் போய் அவனே வண்டி வாங்கினா 12 இஞ்ச்தான் வெப்பானாம். வெச்சுக்கட்டும், அப்ப அவனோட டிக்கி. ஊருக்குள்ள வர்றப்போ மட்டும் குறைச்சுடணும்னு இப்பவே சொல்லி வெச்சிருக்கேன். 2000-ல வந்த ஒலிமாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்குப் பகல்ல 55 டெசிபெல், ராத்திரி பத்து மணிக்கு மேல 45. கோட்டை வாசலுக்குள்ள நுழைஞ்சா தெரு எல்லாம் குறுகல், வாசல்ல பெரியவங்க உட்கார்ந்திருப்பாங்க, பேஸுக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பாட்டு யாருதுன்னு தெரியாது, 'தும் தும்' மட்டும் அடுத்த தெருவுக்குப் போகும். நம்பர் பிளேட்டைப் பார்த்து 'தமிழ்க்காரன் வண்டி'ன்னு அதுக்கு ஒரு பேர் வேற வரும்.

செலவு ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், ஒயர், ஆசாரி கூலி எல்லாம் சேர்த்துப் பதினேழாயிரத்துச் சொச்சம். அடுத்ததா முன்கதவு ரெண்டுக்கும் உள்ளே தார் ஷீட் ஒட்டினா ரோட்டு உறுமலே குறையும்னு அதே கடைக்காரர் சொல்லியிருக்கார். அதுல அவர் சொல்றது சரிதான், இன்னும் ரெண்டு டெசிபெல் இறக்கலாம். தங்கமணிகிட்ட இன்னும் பேச்சு எடுக்கலை. வடாம் சீசன் முடியட்டும்.